ஸ்டீயரிங்கில் தொங்கிய சிவப்பு அட்டை

கார் என் பெயரில் இருக்கிறது. என் சம்பளத்தில் வாங்கியது. தினமும் நான்தான் ஓட்டுகிறேன். ஆகவே அதைப் பற்றிய முக்கியமான முடிவுகளையெல்லாம் என் கணவர் எடுப்பார்.

விருத்தாசலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து மந்தாரக்குப்பம் தாண்டிப் போகவேண்டும். வீட்டில் மாமியார், பள்ளியில் எட்டாம் வகுப்பு. இரண்டுக்கும் நடுவில், என்னை யாரும் "ஒரு நிமிஷம்" என்று கூப்பிட முடியாத நேரம் அந்தக் கார்ப் பயணம் ஒன்றுதான். பழைய டீசல் வண்டி, டர்போ வைத்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, எனக்குத் தெரிந்த பாட்டை எனக்குத் தெரிந்த சுருதியில் பாடிக்கொண்டு போவேன். என் வாழ்க்கையில் வேறு ஆடம்பரம் கிடையாது.

ஒருநாள் சாப்பிடும்போது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "ஏனுங்க, மேம்பாலத்துல ஏசி போட்டா வண்டி ரொம்ப முக்குது."

என் கணவருக்கு அனல்மின் நிலையத்தில் டர்பைன் பராமரிப்பு வேலை. ரசம் சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"டர்போன்னா என்ன? சின்ன டர்பைன், அவ்வளவுதான். எத்தனை வருஷமா நான் டர்பைனோட குடும்பம் நடத்துறேன்!"

யாரோடு குடும்பம் நடத்துகிறார் என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெளிவாயிற்று. அவருடைய டர்பைன் எங்கள் வீட்டைவிடப் பெரியது. காரில் இருப்பது ஒரு சாத்துக்குடி அளவு. அதை அவர் பெரிய வித்தியாசமாக நினைக்கவில்லை.

மின் நிலையத்தில் ஒரு யூனிட்டை நிறுத்தி, பிரித்து, பார்த்து, மறுபடி பூட்டுவதற்கு ஓவர்ஹால் என்று பெயர். எங்கள் ஊர்ப் பேச்சில் பாதி அதுதான். அன்றிலிருந்து என் காரும் யூனிட் ஆகிவிட்டது. எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றினால் போதும் என்று ஆரம்பித்தார். "திறந்ததுதான் திறக்கிறோம், பிஸ்டனையும் பாத்துடலாம்." பிஸ்டன் புதிதென்றால் டர்போ ஏன் பழசாக இருக்கவேண்டும்? கொஞ்சம் பெரிய டர்போ, பழைய சாமான் கடையில் பார்க்கலாம். டர்போ பெரிதென்றால் டீசல் கூடுதலாகப் பாயவேண்டும், அதற்கு வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றவேண்டும். எல்லாவற்றுக்கும் முடிவில் "பட்ஜெட்டுக்குள்ளதான்" என்பார். பட்ஜெட் என்னவென்று நான் கேட்டால், அது இன்னும் முடிவாகவில்லை.

முடிவு செய்வதற்கு முறை இருக்கிறதே. மூன்று கொட்டேஷன் வாங்கவேண்டும், குறைந்ததை எடுக்கவேண்டும். ஆபீஸ் பழக்கம். ஆனால் இந்த மாதிரி வேலைக்கு அக்கம்பக்கத்தில் இருப்பது மந்தாரக்குப்பத்து மெக்கானிக் ஒருவர்தான்.

"அதுக்கென்ன சார், நானே மூணும் எழுதிக் குடுத்துடறேன். ஒண்ணு எம் பேர்ல, ஒண்ணு மச்சான் பேர்ல, ஒண்ணு எங்க வூட்ல பேர்ல. நீங்க எதுக்கு வெயில்ல அலைஞ்சிக்கினு?"

மெக்கானிக்கின் மனைவி எழுதியதுதான் குறைந்த கொட்டேஷன். அதைக் குறைத்துப் பேசுவதற்கு மறுபடி மெக்கானிக்கிடமே போனார்.

பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில், எங்கள் ஊர்ப் பேச்சில் மைன்ஸில், கன்வேயர் பெல்ட் பார்ப்பவர். அவர் கேட்டருகே நின்று சிரிப்பார். "நாங்கல்லாம் ஓட ஓடப் பாக்குறவங்க சார். தெர்மல்காரங்க டார்ச்லைட்டுக்கு பேட்டரி மாத்தக்கூட ஷட்டவுன் எடுப்பீங்க." இருவரும் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். டீ மட்டும் என் பொறுப்பு.

பொங்கல் முடிந்த வாரம், காலையில் கார்க் கதவைத் திறந்தேன். ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. 'ஆட்கள் பணியில். இயக்காதே.' கீழே அவருடைய கையெழுத்து.

சாவி கையில் இருந்தது. ஆனால் என் கை அந்த அட்டைக்குப் போகவில்லை.

ஏன் என்று சொல்லவேண்டும். என் அப்பா கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன நூல் மில்லில் வேலை பார்த்தார். மெஷினுக்குள் கையை விட்டுச் சரிசெய்துகொண்டிருந்தபோது, தெரியாமல் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. பெண் பார்க்க இவர் வந்தபோது அப்பா ஜாதகம் கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை. "மெஷினைப் பிரிக்கறப்ப யாராச்சும் போட்டுட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்றுதான் கேட்டார். இவர் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சிவப்பு அட்டையைப் பற்றிச் சொன்னார். மாட்டினவர்தான் கழற்றவேண்டும். சீஃப் இன்ஜினியரே வந்தாலும் வேறு யாரும் தொடக்கூடாது. அப்பா துண்டுக்குள் வைத்திருந்த கையை வெளியே எடுத்துப் பார்த்தார். "எங்க மில்லுல இப்படி ஒண்ணு இருந்திருந்தா..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டு, உள்ளே திரும்பி அம்மாவிடம் தலையாட்டினார். அப்படி நிச்சயமான கல்யாணம் எங்களுடையது.

அந்த அட்டையை நான் எப்படிக் கழற்றுவேன்? பஸ்ஸில் போனேன்.

மாசி போய்ப் பங்குனி வெயில் வந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். பாட்டா? மூச்சு விட்டதே பெரிது. ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "காருக்கு என்னாச்சு டீச்சர்?" என்பார். "ஷட்டவுன் சார்," என்பேன். இவர் ஷிப்ட் முடிந்து வந்து, செல்போனில் வெள்ளைக்காரன் எஞ்சின் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பஸ் வழியில் படுத்துவிட்டது. செருப்பும் அறுந்துவிட்டது. வெயிலில் காலைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் உற்சாகமாக, "நல்ல செய்தி! பெரிய டர்போ வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்," என்றார்.

"எப்பத்தானுங்க வண்டியைப் பிரிப்பீங்க?"

"பிளானிங் முடியட்டும்மா."

"அதுவரைக்கும் நான் பஸ்ல சாகணுமா?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீ ஏன் பஸ்ல போற? ஒரு போல்ட்டுகூட இன்னும் கழட்டலையே. நீயா யூனிட்டுக்கு ரெஸ்ட் குடுக்கறேன்னுல்ல நினைச்சேன்."

"அட்டை தொங்குதே!"

"அடடா, அது சும்மா விளையாட்டுக்கு மாட்டினது. எடுத்துப் போட்டுட்டு ஓட்டியிருக்கலாமே."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "அந்த அட்டையில விளையாடுவீங்களா? எங்கப்பா உங்க மூஞ்சியைப் பாத்தா என்னைக் குடுத்தாரு? அந்த அட்டையை நம்பித்தானுங்க குடுத்தாரு!" அழக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

அவர் செல்போனை அணைத்துவிட்டு எழுந்து கார் நின்ற ஷெட்டுக்குப் போனார். பின்னாலேயே போனேன். அட்டையை உடனே பிடுங்கி எறிவார் என்று நினைத்தேன். இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்தார். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். சுற்றி வந்தார். பிறகு, யாருமே இல்லாத ஷெட்டில், வேலையிடத்துக் குரலில், "எல்லாரும் விலகிட்டீங்களா?" என்று கேட்டார். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தார். அப்புறம்தான் அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கும் வரவில்லை.

மறுநாள் காலை வண்டி கிளம்பவில்லை. இத்தனை நாள் சும்மா நின்றதில் பேட்டரி இறங்கிப்போயிருந்தது. தெர்மலும் மைன்ஸும் சேர்ந்து தள்ளினார்கள். "பாத்தீங்களா சார், ஓட ஓடத்தான் பாக்கணும்," என்று மூச்சிரைத்தபடி சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். இவர் குனிந்து தள்ளிக்கொண்டே இருந்தார்.

மேம்பாலத்துக்கு அடியில் ஏசியை அணைத்துவிட்டேன். வண்டி ஏறிவிட்டது. பொங்கலுக்கு முன்பும் அப்படித்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன், அதை அவரிடம் சொல்லவில்லை. பாலத்தின் உச்சியில் ஏசியைப் போட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் பாட்டு நின்றுவிட்டது. யாருமில்லாத ஷெட்டில் அவர் "விலகிட்டீங்களா" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாரே, அதை அப்பா பார்த்திருக்கவேண்டும்.