அப்பாவின் கடைசி நாற்றங்கால்

என் அப்பா பாரிவாக்கத்து விவசாயி. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டசபையில் உறுப்பினராகவும் இருந்தார். அவர் செத்த அன்று மரியாதை செலுத்தப் பட்டணத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் மோட்டாரில் வந்தார். சபையில் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கைக்காரர். வண்டியை நிறுத்த இடம் தேடிய டிரைவர், நேராக எங்கள் நாற்றங்காலில் இறக்கிவிட்டான். அப்பா தன் கையால் விதைத்தது. நடவுக்கு நாலு நாள்தான் பாக்கி.

"ஐயோ, நாத்து மேல ஏத்திகினு போறானே!" என்று அம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் கத்தினாள்.

சக்கரம் சேற்றில் புதைந்தது. பாடை தூக்க வந்தவர்கள் மோட்டாரைத் தள்ளப் போனார்கள். அசையவில்லை. கடைசியில் அப்பாவின் உழவு மாடுகளையே பூட்டி நான் இழுத்தேன். மிச்சமிருந்த நாற்றும் மாட்டுக் குளம்பில் போயிற்று. அதுவரை அப்பா வெயிலில் கிடந்தார்.

மாலை போட்டுவிட்டு அந்த மனிதர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நெல்லைப் பற்றி அப்பா சபையில் பேசியதெல்லாம் இன்னும் அவர் காதில் ஒலிக்கிறதாம். புறப்படும்போது, சேறு அப்பிய என் தோளைத் தொடாமல் தள்ளி நின்று சொன்னார்:

"நல்ல வேளை தம்பி, வண்டி இறங்கின இடம் வெறும் புல்தரையாய்ப் போயிற்று."