ஆற்றங்கரைக்குப் போன தொசியே

பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் மீன்கடைக்குள் நுழைந்தால் நான் முரல், விளைமீன் என்று பார்த்துக்கொண்டு போகிறவன். போன கிழமை ஐஸின்மேல் புள்ளி புள்ளியாக இரண்டு ட்ரவுட் மீன்கள் கிடந்தன. நின்றுவிட்டேன். "உது சப்பெண்டிருக்கும், வாங்கோ" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். அவள் இந்த நாட்டுக்கு வந்த கதையே அந்த மீனில்தான் இருக்கிறது. அவளுக்கு நூறு தரம் சொல்லியாயிற்று. இனி உங்கள் பாடு.

அப்போது நான் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில். அவளைக் கூப்பிடுவதென்றால், எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்ற கடிதத்தில் பத்திரோன், அதாவது முதலாளி, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தர வேண்டும். மனுசன் பொல்லாத கோபக்காரர். கேட்டால் இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று பயம். மூன்று மாதமாகக் கடிதம் என் தொசியேக்குள்ளேயே கிடந்தது. தொசியே என்றால் எங்கள் ஆட்கள் எல்லாரிடமும் இருக்கிற பிளாஸ்டிக் உறை. பிறப்புச் சான்றிதழ் முதல் மின்சார பில் வரை அதற்குள்தான். எந்தத் தாளை எந்த நேரம் யார் கேட்பார்களோ! நான் அதைச் சட்டைக்குள் வயிற்றோடு செருகிக்கொண்டுதான் கோப்பை கழுவினேன்.

ஒரு கோடைகால ஞாயிற்றுக்கிழமை பத்திரோன் தன்னோடு ட்ரவுட் பிடிக்க வரச் சொன்னார். என் அறையில் இருந்த தவம் அண்ணைக்குத்தான் என்னைவிடப் புளுகம்; சந்தோசத்தில் துள்ளினார்.

"ஓமெண்டு போடா. மனுசன் சந்தோசமா இருக்கேக்கை கடிதத்தை நீட்டு."

மீன் பட்டால் சந்தோசம், சந்தோசம் வந்தால் கையெழுத்து. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, ஏதோ கலியாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரிப் போனேன். உள்ளே தொசியே.

ஆற்றைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. கணுக்கால் அளவு தண்ணீர். ஆனால் தண்ணீர் வற்றினால்தான் இந்த மீனைப் பிடிப்பது கஷ்டமாம்; அவ்வளவு தெளிவு, நிழல் பட்டாலே ஓடிவிடும். பேசக்கூடாது, நிமிரக்கூடாது. இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய் ஈயை பத்திரோன் வீசி வீசித் தண்ணீரில் மெதுவாக இறக்குவார். நான் பின்னால் தவழ்ந்தேன். மதியத்துக்குப் பிறகு ஒரு கல்லடியில் முழங்கை நீளத்தில் ஒன்று தெரிந்தது. அது இந்த ஈயை விழுங்க வேண்டும் என்று நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்தேன். மீனும் ஈயை நோக்கி எழும்பியது. அந்த நேரம் பார்த்து நான் எட்டிப் பார்க்க, தொசியே சட்டைக்குள்ளிருந்து வழுக்கித் தொப்பென்று ஆற்றில் விழுந்தது.

மீன் போய்விட்டது. மனைவியே மிதந்து போகிற மாதிரித்தான் எனக்கு இருந்தது. சப்பாத்தோடு பாய்ந்து பிடித்தேன். பத்திரோன் உறையை வாங்கித் துடைத்தார். கடிதத்தை எடுத்து வாசித்தார். பிறகு பொய் ஈக்கள் வைத்திருக்கிற பெட்டியைத் திறந்தார். ஈக்களுக்கு நடுவே உணவகத்தின் முத்திரை இருந்தது.

"உனக்கு முன் கோப்பை கழுவியவனும் இதே கடிதத்தோடுதான் திரிந்தான். மூன்று மாதமாக உன் வயிற்றில் இது சரசரக்கிறது. எப்போது கேட்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார், பிரெஞ்சில். "அவள் பெயர் என்ன?"

சொன்னேன். அவர் வாயில் நுழையவில்லை. அவள் வந்ததும் பிழையில்லாமல் கூப்பிட வேண்டும் என்று, காரில் திரும்புகிற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

விசா வர ஒன்றரை வருடம் எடுத்தது. அதற்குள் பத்திரோன் மாரடைப்பு வந்து போய்விட்டார். உணவகம் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. போன கோடையில் மனைவியை அந்த ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெறும் கல்.

"இஞ்சையோ மீன் பிடிச்சனீங்கள்?" என்றாள்.

அவள் பெயரை ஒழுங்காகச் சொல்லப் பழகிய ஒரே வெள்ளைக்காரர் அவளை ஒரு தரமும் கூப்பிடவில்லை.