என் மகனைக் கேட்டு மெர்சிங்கில் நான் செய்த வேண்டுதல்

கடந்த ஆண்டு மழைக்காலம் தொடங்கிய நேரத்தில் என் மூத்த மகன் தினேஷ் கடலில் காணாமல் போனான். அவனுக்கு இருபத்தொரு வயது.

மலேசியாவின் மெர்சிங் கடற்கரைக்கு அப்பால் ஒரு தீவு விடுதியில் படகு வேலை பார்த்தான். மழைக்காலத்தில் விடுதியை மூடிவிடுவார்கள். அதனால் வீட்டுக்குக் கிளம்பினான். "அம்மா, அழுக்குத் துணிதான் நெறைய கொண்டு வரேன், திட்டாதீங்க" என்று காலையில் போனில் சிரித்தான். மதியம் படகு கவிழ்ந்தது. மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டார்கள். அவனைக் காணவில்லை.

நாங்கள் கூலாயில் வசிக்கிறோம். அங்குள்ள முருகன் கோயிலில் நான் சனிக்கிழமைதோறும் இளையோருக்குச் சமய வகுப்பு எடுக்கிறேன். "கஷ்டம் வந்தா முருகனைக் கூப்பிடுங்க, ஓடி வருவான்" என்று அவர்களுக்குச் சொல்லித் தந்தவள், மெர்சிங் படகுத்துறையில் தொண்டை வற்றக் கூப்பிட்டேன். உயிரோடு கொடு என்றேன். காவடி எடுக்கிறேன் என்றேன். என் உயிரை எடுத்துக்கொள் என்றேன். மீட்புப் படகுகள் போவதும் வெறுமையாகத் திரும்புவதுமாக இருந்தன.

"கொஞ்சமாச்சும் சாப்பிடு லா, சாந்தி" என்று கணவர் கெஞ்சுவார். தினேஷ் வந்ததும் சாப்பிடலாம் என்று முதலில் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தச் சனிக்கிழமை என் வகுப்புப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கினார்கள். கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. யாழினி என்ற பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினாறு வயதுப் பிள்ளை.

"டீச்சர், நாங்க எல்லாரும் தினமும் கும்பிட்டோம். ஏன் இன்னும் குடுக்கல?"

"தெரியலம்மா. எனக்கும் முருகன் மேல கோவமாதான் இருக்கு."

வகுப்பில் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவள் மிரண்டு போனாள். "கோவத்தோட கும்பிடலாமா டீச்சர்?"

"வேற யார்கிட்டம்மா போறது?"

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் கடலைப் பார்த்து உட்கார்ந்து பாடத் தொடங்கினார்கள். நான் சொல்லிக்கொடுத்த பாட்டுதான். பாதியில் ஒருவன் அழுதுவிட்டான், சுருதி கலைந்தது. நான் உள்ளுக்குள் மட்டும் சொன்னேன்: முருகா, உயிரோடு கேட்க எனக்கு இனி தெம்பு இல்லை. என் பிள்ளையை என் கையில் கொடு, அது போதும்.

மறுநாள் காலை ஒரு மலாய் மீனவர் அவனைக் கொண்டுவந்தார். வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தம் கைலியால் அவனைப் போர்த்திக் கரைக்கு வந்திருந்தார். "சபார், மக்சிக்" என்றார். பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று அர்த்தம். என் கணவர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் காலை மட்டும் தொட்டேன். சிறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு முழங்காலுக்குக் கீழே இருந்தது. என் பிள்ளைதான். சாம்பலைக் கடலில் கரைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆற்றில் கரைத்தோம்.

பல வாரங்கள் கோயில் பக்கம் போகவில்லை. திரும்பிப் போன அன்று யாழினி மெல்லக் கேட்டாள், "நாம கேட்டது இது இல்லையே டீச்சர்."

"இல்லம்மா. நாம கேட்டது இது இல்ல. ஆனா நான் அங்க தனியா இல்ல. நீங்க வந்தீங்க, அந்த மீனவர் வந்தாரு. முருகன்தான் அனுப்பினான்னு நான் நம்புறேன்."

இப்போது எங்கள் வகுப்பில் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்வதில்லை. துக்க வீடு என்றால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறேன். கோப்பை கழுவுகிறார்கள், நாற்காலி போடுகிறார்கள், கேட்டால் பாடுகிறார்கள். துன்பத்தில் நம்பிக்கை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு இப்படித்தான் கற்றுத்தர முடிகிறது.

கடலில் போன பிள்ளையின் உடல்கூடக் கிடைக்காத தாய்மார்கள் இருக்கிறார்கள். எனக்கு என் மகனைத் தொட்டு வழியனுப்பக் கிடைத்தது. அதற்காக முருகனுக்கு நன்றி சொல்கிறேன். அழாமல் சொல்ல இன்னும் வரவில்லை.

இதைப் படிக்கும் தம்பி, தங்கைகளே, உங்களிடம் கண்ணீரும் கோபமும் மட்டுமே மிஞ்சியிருந்தால் அதையே எடுத்துக்கொண்டு அவன் சந்நிதிக்குப் போங்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வா என்று அவன் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.