இரண்டு மரக்கால்

அன்று அச்சகத்தில் நானும் என் நண்பனும் இருந்தோம். அப்பா ஊரில் இல்லை, மன்னார்குடிப் பக்கம் அறுவடை மெஷின் ஓட்டப் போயிருந்தார்.

எங்கள் இருவருக்கும் அது முதல் நாவல். இரண்டுமே மராட்டியர் காலத் தஞ்சாவூர்க் கதை. என்னுடையது அச்சாகிவிட்டது, பைண்டிங்தான் பாக்கி. வேலி, மா, குழி, கலம் என்று அந்தக் கால நில அளவு, நெல் அளவு எல்லாவற்றையும் நூலகத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்து எழுதியிருந்தேன். அவனுடைய புரூஃபில் ஓர் அளவாவது தப்பாக அகப்படாதா என்று தேடினேன். அகப்பட்டது. அவன் கதையில் மிராசுதார் குத்தகை நெல்லைப் பெரிய மரக்காலிலும் கூலி நெல்லைச் சின்ன மரக்காலிலும் அளக்கிறார்.

"மரக்கால்ல ஏதுடா பெருசு, சின்னது? பன்னெண்டு மரக்கால் ஒரு கலம். புஸ்தகம் எதையும் பார்க்கலையா?" என்றேன்.

"எங்க வீட்டுப் பரண்ல ரெண்டும் கெடக்குடா. வந்து அளந்து பாரு."

அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஆமாப்பா, உங்க தாத்தா அவங்க வீட்டுல கூலி வாங்குனது சின்ன மரக்கால்லதான். நீ கேக்கவே இல்லையே?" என்றார்.

என் நாவலில் எல்லாருக்கும் ஒரே மரக்கால். எங்கள் வயிற்றில் அடித்த மரக்கால், அளந்தவர் வீட்டுப் பிள்ளையின் கதையில் சரியாக உட்கார்ந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அத்தியாயத்தைத் திருத்தி மறுபடி அச்சடிக்கச் சொன்னேன். "பாதி நான் தர்றேன்டா" என்று அவன் பர்ஸை எடுத்தான். அந்த நல்ல குணமும் அவனுக்கே வாய்த்திருக்கிறது. ஆளுக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய் ஆனது.