குங்குமப் பொட்டு வைத்த சைரஸ்

நீல அட்டை போட்ட அந்த நோட்டின் மேல் ஒரு குங்குமப் பொட்டு இருக்கிறது. அதை வைத்தவள் நான். உள்ளே, பழைய பாரசீகத்தை ஆண்ட சைரஸ் ராஜாவின் கதையை முத்து முத்தாக எழுதியிருப்பவள் என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி.

அறுபதுகளில் ஸ்ரீரங்கத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். அவள் கல்யாணத்துக்குப் பிறகும் பஸ் ஏறித் திருச்சி காலேஜுக்குப் போய்வந்தாள். ஆறு வருஷமாக என் கையால் காபி குடித்தும் என்னிடம் நாலு வார்த்தை பேசாத மாமனார், அவள் வந்ததும் ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்து, "உன் ராஜா இன்னிக்கு எந்த ஊரைப் பிடிச்சாரும்மா?" என்பார். எனக்கு வயிறு எரியும். செத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலான அந்த ராஜாவைக்கூட எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

காலேஜில் சைரஸைப் பற்றிப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். "பரிசு வாங்கினா கடைசி வருஷம் படி. இல்லேன்னா போதும்" என்று மாமனார் சொல்லிவிட்டார். போட்டி, விஜயதசமிக்கு மறுநாள் காலையில். எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கினால் மூன்று நாள் யாரும் தொடக்கூடாது; விஜயதசமி பூஜை முடிந்துதான் எடுக்கலாம். அதனால் இந்த நோட்டை மட்டும் அவள் தலையணைக்கடியில் ஒளித்திருந்தாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அதை எடுத்து, அடுக்கின் உச்சியில் வைத்து, குங்குமம் இட்டேன். பார்ப்பவர்களுக்குப் பக்தியாகத்தான் தெரிந்திருக்கும்.

ஈரத் தலையோடு வந்து நின்றாள். "பொட்டு வெச்சாச்சு, அதுல கை வெச்சிடாதே" என்றார் மாமியார். அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஞாபகத்துல இருக்கறதைச் சொல்றேன். புரியலேன்னா கேளுங்க."

"எனக்கென்ன தெரியும்? சுண்டலுக்கு உப்பு போட்டேனான்னே தெரியலை" என்றேன்.

மூன்று நாளும் சொன்னாள். சைரஸ் ஒரு பணக்கார ராஜாவைத் தோற்கடித்துப் பிடித்த இடம் வந்தபோது என்னை மறந்து கேட்டுவிட்டேன்: "அவனை என்ன பண்ணான்? தலையை வாங்கிட்டானா?"

"இல்லைக்கா. பக்கத்துலயே வெச்சுக்கிட்டு யோசனை கேட்டானாம்." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

பரிசோடு வந்தாள். "அக்கா கேட்ட கேள்வியிலேருந்துதான் பேச்சையே ஆரம்பிச்சேன் மாமா" என்றாள். அன்றுதான் மாமனார் என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா கேட்டே?" என்றார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அவர்கள் திருச்சிப் புத்தூருக்குத் தனிக்குடித்தனம் போனபோது நோட்டை என்னிடம் கொடுத்தாள். "நீங்களே வெச்சுக்குங்கக்கா. உங்க பொட்டு இருக்கே."

அவள் ஒரு பள்ளியில் சரித்திர டீச்சராக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டாள். அவள் படிப்பின் மேல் எனக்கிருந்த பொறாமை எப்போதோ தீர்ந்துவிட்டது. எல்லாம் தெரிந்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அந்த மனசின் மேல் உள்ள பொறாமைதான் தீரவில்லை. வருஷா வருஷம் பூஜை அடுக்கில் அந்த நோட்டையும் வைக்கிறேன். பொட்டு மங்கிவிட்டது. அதன்மேல் புதிதாக ஒன்று இட இன்னும் கை வரவில்லை.