சிவப்பு டப்பாவும் நீல டப்பாவும்

“அக்கா, என் செருப்பு எங்க?” என்று தங்கச்சி கேட்டால், “இடது காலா, வலது காலா? வார் அறுந்ததா, அறாததா?” என்று விசாரணைக் கமிஷன் வைப்பவளை வேறெப்படிக் கூப்பிடுவது? வடிகட்டி என்று தங்கச்சி வைத்த பெயர், அக்கா வேலை பார்த்த பஸ் டிப்போவின் தொலைந்த பொருள் அறைவரை தொற்றிக்கொண்டது.

அங்கே அலமாரிகளில் நாலாயிரம் பொருட்கள். ஒவ்வொன்றையும் நிறம், நாள், பஸ் நம்பர் என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, கேட்டதை மட்டும் வடித்துக் கொடுக்கும் புரோகிராம் ஒன்றைத் தானே படித்து எழுதியிருந்தாள். மேனேஜருக்கு அதன்மேல் துளி நம்பிக்கை கிடையாது. அவளோ தற்காலிகம், அந்த வாரத்தோடு வேலை முடிகிறது.

அன்று காலை பதினொரு மணிக்கு ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். பல்செட்டை நேற்று ஏழாம் நம்பர் பஸ்ஸில் விட்டுவிட்டாராம். பன்னிரண்டு மணிச் செய்தி வாசிக்க வேண்டும். பேச்சில் முக்கால்வாசி காற்று.

“என்கிட்ட ரெண்டு டப்பா உண்டும்மா. எதுல போட்டேன்னு ஞாபகமில்ல. சிவப்பு டப்பாவும் பாருங்க, நீல டப்பாவும் பாருங்க.”

“இப்ப கண்டுபிடிக்கலேன்னா உன் புரோகிராமும் வேணாம், நீயும் வேணாம்” என்றார் மேனேஜர்.

வடிகட்டி அவசரமாகத் தட்டினாள்: நிறம் சிவப்பு, மற்றும் நிறம் நீலம். விடை பூஜ்யம்.

மேனேஜர் சிரித்தார். அவளுக்கு அழுகை முட்டியது. முட்டிய அழுகை பாதியிலேயே நின்றது. ஒரே டப்பா எப்படிச் சிவப்பாகவும் நீலமாகவும் இருக்கும்? எல்லாம் அந்தப் பாழாய்ப்போன ‘உம்’! அறிவிப்பாளர் வாயில் வந்தது ‘உம்’, மனசில் இருந்தது ‘அல்லது’. மனுஷனுக்குப் புரியும், மெஷினுக்குப் புரியுமா?

‘மற்றும்’ இருந்த இடத்தில் ‘அல்லது’ என்று மாற்றினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு டப்பாக்கள்! அந்த ‘அல்லது’வை அடைப்புக்குறிக்குள் தள்ளி, வெளியே ‘மற்றும் நேற்று, மற்றும் ஏழாம் நம்பர்’ என்று சேர்த்தாள். ரெண்டே ரெண்டு. சிவப்பு டப்பாவில் பொத்தான்கள். நீல டப்பாவில் பல்செட் ஈயென்று இளித்தது. அறிவிப்பாளர் அதை மாட்டியபடியே ஓடினார்.

பன்னிரண்டு மணிக்கு அறை ரேடியோவில் செய்தி கணீரென்று வந்தது. வடிகட்டிக்குத் தலைகால் புரியவில்லை. அலமாரிகளுக்கு நடுவே குதித்தாள், நாற்காலியோடு சுற்றினாள். மேனேஜரே இளகிவிட்டார்.

“சரி சரி. புரோகிராமும் இருக்கட்டும், நீயும் நிரந்தரமா இரு.”

சுற்றிக்கொண்டிருந்த நாற்காலி சட்டென்று நின்றது.

“சார், இந்த ‘உம்’ நிஜமாவே ‘மற்றும்’தானே? ‘அல்லது’ இல்லையே?”

“ரெண்டுமேதான் தாயே!” என்று கையெடுத்துக் கும்பிட்டார் மேனேஜர். “வேணும்னா அடைப்புக்குறியும் போட்டுக்கோ.”