மூன்றாவது ரிங்

எங்கள் அறக்கட்டளையில் தலைவருக்கு ஏசி அறை. எனக்குத் தட்டச்சு மேசை. டெலிபோன் அக்காவுக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு முக்காலி. ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்கள் நாற்பத்திரண்டு பேரையும் தினமும் காலையில் கூப்பிட்டு விசாரித்தது அந்த முக்காலிதான். ஆண்டறிக்கையில் அந்த வேலைக்குத் தலைவர் வைத்த பெயர் 'அன்புக் கரம்'. கரம் யாருடையது என்று அதில் ஒரு வரி இல்லை. அடித்துக் கொடுத்தவன் நான். வெட்கத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர்; ஓய்வு பெற்ற மறுவாரமே சம்பளமில்லாத இந்த வேலைக்கு வந்துவிட்டார். எல்லா எண்களும் மனப்பாடம். யார் எத்தனையாவது ரிங்கில் எடுப்பார்கள் என்பதும் மனப்பாடம். டெய்லர் மூன்றாவதில், மூட்டுவலி டீச்சர் ஒன்பதாவதில். ஒருநாள் டீச்சர் இரண்டாவதிலேயே எடுக்க, "என்ன டீச்சர், ராத்திரி பூரா போன் பக்கத்து நாற்காலியிலயே உட்கார்ந்திருந்தீங்களா?" என்று அக்கா கேட்டார். அந்தப் பக்கம் ஓவென்று அழுகை.

இப்படிப்பட்டவரைத்தான் தலைவர் 'உயர்த்தினார்'. ஏதோ மாநாட்டுக்குப் போய், 'அனைவரையும் உள்ளடக்கிய தொண்டு' என்ற சொற்றொடரைப் புதுச்சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு வந்தார். அதற்கு மேடையில் பார்வையற்ற ஒருவர் தேவைப்பட்டது. அக்கா கௌரவத் தூதர் ஆனார்.

"இனிமே நீங்க கஷ்டப்பட வேண்டாம்மா. விழாவுக்கு வந்து மேடையில உட்கார்ந்தா போதும்."

"உட்கார்ந்து?"

"உட்கார்ந்தா போதும்மா."

முக்காலி போனது, கம்ப்யூட்டர் வந்தது. நலமாக இருந்தால் ஒன்றை அழுத்தவும், உதவி வேண்டுமென்றால் இரண்டை அழுத்தவும் என்று தேன் தடவிய குரல் ஒன்று ஊரையே கூப்பிட்டது. எடுக்காதவர் பெயருக்கு எதிரே 'பின்னர் முயற்சி' என்று தானாகப் பதிவாகும். விழுந்து கிடப்பவர் எழுந்து வந்து இரண்டை அழுத்த வேண்டும் என்பது அந்த மேதாவிகளின் ஏற்பாடு.

அக்கா விடவில்லை. தன் வீட்டிலிருந்தே எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நாள் காலை ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"டெய்லர் எடுக்கல. மூணு தடவை முழுசா அடிச்சு ஓஞ்சிடுச்சு. உடனே ஆள் அனுப்புங்க."

தலைவர் விழா மேடைக்கு நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார். "சிஸ்டத்துல 'பின்னர் முயற்சி'ன்னு இருக்கும்மா. நாளைக்கு அதுவே கூப்பிடும்."

அக்கா என் மேசை போனை எடுத்து டீச்சரைக் கூப்பிட்டார். டெய்லருக்கு அடுத்த தெரு. டீச்சர் அந்த முட்டியோடு தத்தித் தத்திப் போய், பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டு கதவை உடைத்தார். டெய்லர் குளியலறைத் தரையில் இடுப்பு முறிந்து கிடந்தார். உயிர் இருந்தது.

அதன்பின் அக்கா அந்த அலுவலகப் படி ஏறவில்லை. வீட்டிலேயே புது ஏற்பாடு செய்தார்: பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும், எடுக்கவில்லையென்றால் உடனே அக்காவுக்குச் சொல்ல வேண்டும். படுக்கையில் கிடந்த டெய்லருக்கும் விலக்கு இல்லை. "வாய் நல்லாத்தானே இருக்கு? படுத்துக்கிட்டே கூப்பிடுங்க." அவருக்கு அந்த மாதம் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

தலைவருக்கு ஆசை தீர்ந்ததும் அறக்கட்டளை ஆறே மாதத்தில் படுத்துவிட்டது. பெயர்ப்பலகை மட்டும் துருப்பிடித்துத் தொங்கியது. அக்காவின் சங்கிலி ஏழு வருடமாக அறாமல் ஓடுகிறது. நானும் அதில் ஒரு கண்ணி. என் பாவத்துக்கு அது போதாது.

போன மாதம் நான் அக்கா வீட்டில் இருந்தபோது தலைவரே கூப்பிட்டார். மனைவி காலமாகிவிட்டாராம், மகன் வெளிநாட்டிலாம், தன் பெயரையும் சேர்க்க வேண்டுமாம்.

"சேர்த்துக்கறேன் சார். எட்டு மணிக்கு டெய்லர் உங்களைக் கூப்பிடுவார். எட்டரைக்கு நீங்க டீச்சரைக் கூப்பிடணும்."

"நானா? எனக்கு முதுகுவலி, கண்ணும் சரியாத் தெரியல..."

"கண்ணா?" என்றார் அக்கா.

"டீச்சர் நம்பரைச் சொல்லுங்கம்மா," என்றார் தலைவர்.

மறுநாள் எட்டரைக்கு டீச்சரைக் கூப்பிட்டார். ஐந்தாவது ரிங்கிலேயே வைத்துவிட்டு, டீச்சர் எடுக்கவில்லை என்று அக்காவிடம் புகார் வேறு.

"ஒன்பதாவது ரிங் வரைக்கும் பொறுங்க சார்," என்றார் அக்கா. "அவங்க நடந்து வரணும்."